நேரில் போய்த் திட்டுகிறவர்

அக்கா யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசி நான் கேட்டதில்லை. உடனே சாந்தமான பெண்மணி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பேச வேண்டியதையெல்லாம் முகத்துக்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுவார். பின்னால் பேச மிச்சம் எதுவும் இருக்காது. அவ்வளவுதான்.

ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஓட்டினார். அந்த ஸ்டாண்டில் அவர் ஒருவர்தான் பெண். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அது எப்படியாவது அவர் காதுக்குப் போய், ஒரு மத்தியான வேளையில் என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். எந்தெந்த வரி தப்பு என்று உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் போவார்.

அவரை முதலில் பார்த்தது ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கேமிங் சென்டரில். கீழே செல்போன் கவர் விற்கும் கடை, மேலே சென்டர். நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரசர் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஷிப்டு முடிந்து ரயிலைவிட்டு இறங்கினால் நேராக மாடிப்படிதான். கூரியர் ஆபீஸில் வேலை பார்த்த என் நண்பன் சதீஷும் வந்துவிடுவான். ஒரு நாள் மூலையில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்து, பக்கத்துப் பையன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதீஷ் என் காதில், "ஆட்டோக்காரங்களுக்கு இங்க என்னடா வேல?" என்றான்.

அவர் திரும்பினார்.

"என்னாண்ட கேளு நைனா. எனக்கு இன்னா வேலன்னு அவனுக்கு எப்டி தெரியும்?"

சதீஷ் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"ஏசி கீது, அதான் வந்தேன். அப்புறம் இந்தப் புள்ள ஆடறத பாத்துகினு இருக்கேன். நல்லா ஆடுது. நீ ஆடறதயும் ரெண்டு நாளா பாத்தேன். மழை வர்றதுக்கு முன்னாடி எவனாவது வாசலுக்குப் பூச்செடி வெப்பானா? கூரைய போடு மொதல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கோபம் எதுவும் இல்லை. மறுவாரம் அவரும் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் விளையாடிய ஆட்டத்துக்கு நீளமான இங்கிலீஷ் பெயர். எங்களுக்குள் 'தீவு' என்போம். ஒரு படகுக்காரர் உங்களை ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். வீடு கட்ட வேண்டும், விதைக்க வேண்டும், பிறகு மழைக்காலம் வரும். அரைகுறையாக விட்டதையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போகும். துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது. நாலு பாகம் வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் வருஷக்கணக்கில் காத்திருந்தோம்.

இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன்.

"காலைலருந்து அடுத்தவன் சொல்ற எடத்துக்கே போய்கினு கீறேன். அந்தத் தீவுல 'எங்க போணும்'னு யாராண்டயும் நான் கேக்க வேணாம்" என்றார்.

அவர் முகத்துக்கு நேரே சொல்வது திட்டு மட்டும் இல்லை. இதைப் பலர் கவனிக்க மாட்டார்கள். ஒரு முறை நானும் இன்னும் இரண்டு பேரும் அவர் வண்டியில் பருத்திப்பட்டு பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டோரத்தில் பள்ளத்துக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் ஒருவர் முன்னால் நின்றார். அந்த ஆள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாரானார்.

"அண்ணாத்தே, ஸ்கூலாண்ட ஒரு பள்ளம் மூடுனியே, நீதான?"

"ஆமா, அதுக்கு இன்னா இப்போ?"

"மழை பேஞ்சுது, லாரி போச்சு, இன்னும் அசையாம கீது. சூப்பரா போட்டுருக்க. சொல்லணும்னு தோணுச்சு."

அந்த மனிதர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அக்கா வந்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அவசரம்னா என்னாண்ட சொல்லுங்க, வேகமா போறேன். வெளில பாத்துகினு சொன்னா எனக்கு எப்டி கேக்கும்?" என்றார்.

அவர் கணவர் வெல்டிங் பட்டறையில் வேலை செய்தார். அதிகம் பேசாதவர். நாங்கள் ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா உள்ளே போன நேரம் பார்த்து சதீஷ், "எப்படிண்ணா சமாளிக்கிறீங்க?" என்று கேட்டான். அவர் சிரித்தார். "அவ என்னப் பத்தி வெளில இன்னா பேசறாளோன்னு எனக்குக் கவலையே இல்லப்பா. எல்லாத்தையும் ஊட்லயே கேட்டுட்டேன்."

ஐந்தாம் பாகத்துக்காக நாங்கள் காத்திருந்த காலம் நீண்டுகொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய அறிவிப்பு வெளியிடப் போகிறோம் என்று கம்பெனி சொன்னது. சென்டர் ஓனர் அன்று யாரிடமும் மணிக்கணக்குப் பணம் வாங்கவில்லை. எல்லா நாற்காலிகளையும் ஒரே திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டார். அக்கா பேப்பரில் சுற்றிய வாழைக்காய் பஜ்ஜியோடு வந்தார். வரும் வழியில் சவாரி எதையும் ஏற்றவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

படம் ஓடியது. கடல். மூடுபனி. தூரத்தில் தீவு. படகுக்காரரின் முதுகு தெரிந்ததும் எல்லோரும் விசிலடித்தோம். அப்புறம் காட்சி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடல் சின்னதாகி, தீவு சின்னதாகி, கடைசியில் எல்லாம் ஒரு கைக்குள் இருந்தது. அந்தக் கையில் ஒரு செல்போன்.

"இன்னா நைனா, நடுவுல போன் விளம்பரம் போடறான்?" என்றார் அக்கா.

"விளம்பரம் இல்லக்கா. இதான் கேம். போன்ல மட்டும்தான் வருதாம்" என்றேன்.

ஓனர்தான் முதலில் எழுந்தார். "அப்ப இனிமே எவன் மாடி ஏறி வருவான்?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். பஜ்ஜி அப்படியே ஆறியது.

மறுநாளிலிருந்து யுத்தம். சென்னை முழுக்க இருந்த தீவு ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதைத் திறக்கவே முடியவில்லை, அவ்வளவு திட்டு. கேம் வெளியான அன்றே எல்லோரும் ஒரே ஒரு ஸ்டார் மதிப்பெண் போட வேண்டும் என்று தீர்மானம். வீட்டில் இருக்கும் அம்மா, சித்தப்பா, தங்கச்சி எல்லோருடைய போனிலிருந்தும் போட வேண்டும் என்று உப தீர்மானம். சதீஷ் ஒரு படி மேலே போய், படகுக்காரர் படத்துக்கு மாலை போட்டு 'கண்ணீர் அஞ்சலி' என்று நிஜமாகவே ஃப்ளெக்ஸ் அடித்துச் சென்டர் மாடிப்படியில் கட்டிவிட்டான். 'தீராத் துயரில்: ஆவடி தீவு நண்பர்கள்.' கீழே கடைக்கு வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "எப்பப்பா எடுக்கறாங்க?" என்று விசாரித்தார்.

அக்கா ஃப்ளெக்ஸைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். ஆனால் ஒரு ஸ்டார் போடு என்று சதீஷ் அவர் போனைக் கேட்டபோது தரவில்லை.

"ஆடாம எப்டி திட்டுவ?"

"அக்கா, அத ஆடுனாலே அவனுக்கு ஜெயிச்ச மாதிரி."

"அடப் போ நைனா. எனக்கும்தான் வயிறு எரியுது. ஆனா இன்னா கொறன்னு கேட்டா இன்னா சொல்லுவ? பக்கத்து ஊட்டுக்காரன் சொன்னான்னா?"

"உனக்குத்தான்க்கா இது வசதி. ஸ்டாண்டுல உக்காந்துகினே ஆடலாம்."

"ஸ்டாண்டுல உக்காந்து சோறு கூடத்தான் துன்றேன். அதுக்குன்னு கல்யாண சாப்பாட்ட டிபன் பாக்ஸுல அடைப்பியா?"

ஆக, எதிர்ப்பாளர்களிலேயே கடுமையான எதிர்ப்பாளர் அந்த ஆட்டத்தை முழுக்க விளையாடினார். கேம் வந்த நாளிலிருந்து, ஆட்டோவின் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சவாரிக்கும் சவாரிக்கும் நடுவில் போனைத் திட்டிக்கொண்டே ஆடினார். திருநின்றவூர் போக வேண்டும் என்று வந்த ஒருவர், யாரோடும்மா சண்டை என்று கேட்டாராம். "மழையோட" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

மழைதான் பெரிய குறை. பழைய தீவில் மழை வந்தால் வந்ததுதான், நனைந்துகொண்டே வேலை பார்க்க வேண்டும். புதியதில் மழை ஆரம்பித்தால் ஆட்டம் நின்றுவிடும். எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் காசு கொடுத்து 'வைரம்' வாங்கினால் மழை உடனே நிற்கும். அக்காவுக்கு இது தாங்கவில்லை. நாளுக்கு நாள் அவர் குறைப்பட்டியல் நீண்டது. குழுவில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே ஒரு ஸ்டார் போட்டு முடித்திருந்தார்கள். கேமைத் திட்டித் திட்டிச் சலித்து, அடுத்ததாகத் திட்ட ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆள் கிடைத்தான். கேமின் கடைசியில் ஓடும் பெயர்களில் ஒன்றைப் பிடித்துத் தோண்டியிருக்கிறார்கள். கம்பெனி இந்த மொபைல் வேலையின் ஒரு பகுதியைச் சென்னையில் ஒரு சின்ன ஸ்டூடியோவிடம் கொடுத்திருந்தது. அங்கே வேலை செய்த பிரவீன் என்ற பையனின் போட்டோ, போன் நம்பர், ஏரியா எல்லாம் குழுவுக்கு வந்துவிட்டன. அன்று சாயங்காலமே சதீஷ் உட்பட ஒரு கூட்டம் அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தது. அனுப்பியதைக் குழுவிலும் போட்டார்கள், மற்றவர்கள் கேட்டு ரசிக்க. கேமைப் பற்றி அதில் அதிகம் இல்லை. அவனைப் பெற்றவளைப் பற்றி இருந்தது.

நாலைந்து நாள் கழித்து ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சதீஷ் தன்னுடையதை அக்காவுக்குப் போட்டுக் காட்டினான். பாராட்டை எதிர்பார்த்தான் என்று நினைக்கிறேன். அக்கா முழுக்கக் கேட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவன் ஊடு எங்க கீது?"

"முத்தாபுதுப்பேட்டை சைடாம்."

"தோ இங்கதான கீது. அப்புறம் எதுக்கு போன்ல? ஏறு வண்டில."

"எங்கக்கா?"

"திட்டறதுக்கு. எனக்கும் அவனாண்ட சொல்ல வேண்டியது நெறைய கீது. நீயும் வா. நேர்ல சொல்லிட்டு வந்துரலாம்."

சதீஷ் சிரித்துப் பார்த்தான். கூரியர் வேலை இருக்கிறது என்றான். அக்கா ஸ்டார்ட் செய்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்களும் பார்த்தார்கள். ஏறிவிட்டான். நானும் ஏறினேன். வழியெல்லாம் அவன் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தான். "மச்சான், ஏதாவது சொல்லுடா." என்ன சொல்வது? அக்கா ஓட்டிய வேகத்துக்கு வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரித்ததும் வீடு தெரிந்தது. இரும்பு கேட், உள்ளே ஒரு முருங்கை மரம். கேட்டுக்கு வந்தது பையனின் அம்மா. எங்களைப் பார்த்ததுமே கேட்டை உள்பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பிரவீன் ஊர்ல இல்ல. பெங்களூர் போயிட்டான். யார் நீங்க?"

அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. எங்களைப் பார்த்து ஒருவர் பயப்படுகிறார் என்பது எனக்குப் புது அனுபவம்.

"பயப்படாதம்மா" என்றார் அக்கா. "நான் ஆவடில ஆட்டோ ஓட்டறேன். உம்புள்ள செஞ்ச கேம முழுசா ஆடிட்டேன். அதுல எனக்குக் கொற கீது. அத்த அவன் மூஞ்சப் பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். திட்டத்தான் வந்தேன், அடிக்க வரல. வண்டி நம்பர வேணும்னா எழுதிக்கோ."

திட்டத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஆளை அந்த அம்மா அதுவரை பார்த்திருக்க மாட்டார். அதற்குள் மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல்.

"அம்மா, உள்ள வரச் சொல்லுங்க."

இறங்கி வந்தான். பல நாள் தாடி. எங்கள் வயதுதான் இருக்கும். அவனுடைய போனை அம்மா அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

"சொல்லுங்கக்கா" என்றான், கையைக் கட்டிக்கொண்டு.

"நீ உக்காரு. நிக்க வெச்சுத் திட்டுனா எனக்கு வராது."

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா எதிரில் இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். படகிலிருந்து இறங்கும் கரையில் பாறை எதற்கு, விரல் பட்டு வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்றார். விதைக்கும் பொத்தானும் பிடுங்கும் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் யார் என்றார். பழைய ஆட்டத்தில் ஆட்டுக்குட்டி கத்தினால் எந்தப் பக்கம் என்று தெரியும், இதில் எல்லா ஆடும் காதுக்குள் கத்துகிறது என்றார். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ஆட்டுக்குட்டி வந்தபோது லேசாகச் சிரித்துவிட்டான்.

"சிரிக்காத, இனிமேதான் கீது. மழைய எதுக்கு நைனா வித்தீங்க? மழை வருதுன்னா ஒரு பயம் இருக்கணும், கை தன்னால கூரைக்குப் போணும். நீங்க இன்னா பண்ணீங்க? காசு குடுத்தா மழை நின்னுடும்னீங்க. நிக்குமா? ஆவடில நிக்குமா?"

"அத நாங்களும் வேணாம்னு சொன்னோம்க்கா. அவங்க எடுக்கல."

"யாராண்ட சொன்னீங்க?"

"மேனேஜர்கிட்ட."

"நேர்லயா?"

"மெயில்ல."

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் மழை பண்ணலக்கா" என்றான் அவன் மெதுவாக. "எனக்குக் குடுத்தது படகுக்காரர் மட்டும்தான். அவர் நடக்கறது, துடுப்பு போடறது, திரும்பறது..."

"இரு. திரும்பறது நீயா?"

"ஆமாக்கா."

பழைய நாலு பாகத்திலும் படகுக்காரர் நம்மை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். புதியதில், பனிக்குள் மறைவதற்கு முன் ஒரே ஒரு முறை கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். எனக்கே அக்கா சொல்லித்தான் தெரியும். அவ்வளவு சின்ன அசைவு.

"அது நல்லா கீது" என்றார் அக்கா. திட்டிய அதே குரலில்தான் சொன்னார். "ரொம்ப நல்லா கீது. முன்னலாம் அந்த ஆளு போற முதுகப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி ஆவும். இப்ப அவரு திரும்பிப் பாத்துட்டுப் போறாரு. அதுக்காகவே ரெண்டாவது வாட்டி மொதல்லருந்து ஆரம்பிச்சேன்."

பையன் முருங்கை மரத்தைப் பார்த்தான். கண்ணைக் கசக்கினான். "யாருமே அத கவனிக்கலன்னு நெனச்சேன்" என்றான். "ஸ்கூல் படிக்கும்போது மூணாவது பார்ட் ஆடுனேன்க்கா. அவர் ஏன் திரும்ப மாட்டேங்கறாருன்னு அப்பவே தோணும். இந்த வேல கெடச்சப்ப மொதல்ல அதத்தான் பண்ணேன்."

"ஆடிப் பாத்திருந்தா கவனிச்சிருப்பானுங்க" என்று அக்கா சதீஷ் பக்கம் திரும்பினார். சதீஷ் கேட்டுக்கு அருகிலேயே நின்றிருந்தான். அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அம்மா தட்டில் டீயோடு வந்து அவன் முன்னால் நீட்டினார்.

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றான்.

அம்மா தட்டோடு அப்படியே நின்றார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றார். "போன்ல வந்துச்சு. இவன் தூங்கிட்டிருந்தான், நான்தான் எடுத்துக் கேட்டேன். என்னப் பத்திப் பேசுன குரல்."

சதீஷின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"இன்னா சதீஷு, சொல்லு. போன்ல சொன்னத இப்ப சொல்லு."

"முடியாதுக்கா."

"ஏன்?"

"அவங்க எதிர்ல நிக்கிறாங்க."

"அன்னிக்கு மட்டும் எங்க போயிருந்தாங்க?"

அவன் அழுதுவிட்டான். இருபத்தைந்து வயதுக்காரன், கூரியர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மன்னிச்சிருங்கம்மா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த அம்மா டீத் தட்டைக் கீழே வைத்தார். அக்கா எழுந்து எங்களைப் பார்த்து, "வாங்க, நம்ம வெளில நிப்போம். இது அந்தம்மா திட்ட வேண்டியது" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஆட்டோ பக்கத்தில் நின்றோம். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. பிரவீன் அக்காவிடம் பொத்தான் விஷயத்தை மறுபடி விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் சதீஷ் வெளியே வந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"இன்னாடா அது?" என்றேன்.

"முறுக்கு. குடுத்தாங்க."

திரும்பும் வழியில் அந்தக் கவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். ஸ்டாண்டில் இறங்கியதும் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். நான் தப்புப் பண்ணிட்டேன், அந்தப் பையன் நம்பர எல்லாரும் அழிச்சிடுங்க என்று. அக்காவும் ஒன்று போட்டார், அவர் பாணியில். சிறிது நேரத்தில் இருவரும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். துரோகிகள் என்றும், கம்பெனியிடம் காசு வாங்கிவிட்டார்கள் என்றும் பேச்சு ஓடியது. நான் குழுவிலேயே இருந்ததால் அதையெல்லாம் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

குழுவின் அட்மின் திருமழிசை எஸ்டேட்டில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். மறுநாள் பூந்தமல்லிக்கு ஒரு சவாரி வந்ததும் அக்கா அப்படியே வண்டியை நீட்டித் திருமழிசைக்கு விட்டுவிட்டார். சாப்பாட்டு நேரம். அட்மின் கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாராம். அக்காவே எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"நீ என்னை வெளில தள்ளிட்டியாமே. தப்புன்னு சொல்ல வரல நைனா, உன் குழு. இன்னா காரணம்னு உன் வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அக்கா, நீங்க காசு வாங்கிட்டீங்கன்னு வேலப்பன்சாவடில ஒரு காலேஜ் பையன் சொன்னான்..."

"எந்த காலேஜு?"

"வேணாம்க்கா! இதோ சேத்துடறேன்."

அக்காவின் கண் முன்னாலேயே சேர்த்தாராம். அக்கா அங்கேயே நின்று இன்னொன்றும் செய்ய வைத்தார். பிரவீனின் நம்பர் இருந்த செய்திகளை அட்மின் ஒன்றுவிடாமல் அழித்தார். இனிமேல் யாராவது நம்பர் போட்டால் போட்டவருடைய வீட்டு விலாசத்தை அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று குழுவில் எழுதினார். அதற்குப் பிறகு முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்குப் போன் வருவது நின்றுபோனது.

எல்லாம் முடிந்து அக்கா தன் மதிப்பெண்ணைப் போட்டார். ஒரு ஸ்டார்தான். அதில் மாற்றமே இல்லை. குறைகளை எல்லாம் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். படகுக்காரர் நன்றாக இருக்கிறார் என்றும் ஒரு வரி. கீழே தன் பெயரையும் ஸ்டாண்டின் இடத்தையும் போடச் சொல்லி, 'மேல பேசணும்னா வரலாம்' என்று முடிக்கச் சொன்னார். பிரவீன் அதைப் படம் பிடித்துத் தன் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் காட்டினானாம்.

அந்த அம்மாவும் விளையாட ஆரம்பித்துவிட்டார். இத்தனை பேர் திட்டும்படி மகன் அப்படி என்னதான் செய்தான் என்று பார்க்கப் போனவர், மழையில் மாட்டிக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தார். அதிலிருந்து அக்காவுக்கு அந்தப் பக்கம் சவாரி போனால் அங்கே ஒரு நிறுத்தம் உண்டு. இரண்டு பேருமே வைரம் வாங்க மாட்டார்கள். மழை நிற்கும்வரை கீரை ஆய்ந்துகொண்டு, அந்த அம்மாவின் மகனையும் கணவரையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவரவர் எதிரிலேயே.

சில மாதங்கள் கழித்து கேமில் ஒரு மாற்றம் வந்தது. மழையைக் காசு கொடுத்து நிறுத்தும் வசதியை எடுத்துவிட்டார்கள். மழையிலும் கூரை போடலாம். அக்கா திட்டியதால்தான் என்று சதீஷ் இன்றுவரை சாதிக்கிறான். பிரவீன் அப்படிச் சொல்லவில்லை. மேனேஜர் ரூமுக்கு நேராகவே போய்ப் பேசினேன் என்று மட்டும் சொன்னான்.

பிறகு எல்லோரும் ஒவ்வொரு பக்கமாகப் போய்விட்டோம். சென்டர் இருந்த மாடியில் இப்போது பிரியாணிக் கடைக்காரர்கள் மேசை போட்டிருக்கிறார்கள். எனக்கு வேலை மாறி, பூந்தமல்லிக்குக் குடிவந்து, கல்யாணமும் ஆனது. அக்காவுக்குப் பத்திரிகை வைத்திருந்தேன். வந்தாரா என்று தெரியவில்லை. அன்று கூட்டம் அதிகம்.

போன மாதம் நானும் மனைவியும் பைக்கில் குமணன்சாவடி சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. "நைனா!" என்றது அந்தக் குரல். தலையில் கொஞ்சம் நரை. மற்றபடி அதே அக்கா.

"உன் கல்யாணத்துக்கு வந்தேன். மேடைக்கு வரிசை அந்தத் தெரு வரைக்கும் நின்னுச்சு, சவாரி வேற இருந்துச்சு, பூட்டேன். அப்பவே சொல்லணும்னு நெனச்சது ரெண்டு கீது. சாம்பார்ல உப்பு கம்மி. பொண்ணு லட்சணமா கீது." என் மனைவியைப் பார்த்து, "உன்னத்தாம்மா சொல்றேன்" என்றார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. அக்கா கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"யாருங்க அவங்க? கல்யாண சாப்பாட்டப் பத்தி நடுரோட்டுல சொல்லிட்டுப் போறாங்க" என்றாள் மனைவி. நான் சொல்ல ஆரம்பித்தேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தியபோதும் முடியவில்லை. அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஏதோ யோசித்தபடி நின்றாள்.

"உப்பு நெஜமாவே கம்மிதாங்க" என்றாள். "அன்னிக்கு ஒருத்தர் கூடச் சொல்லல."